காடும் தீயும்

நம் குடாநாட்டிற் பெருங்காடு இல்லை. ஆயினும் பனங்கூடலில் காவோலைக் குவியல் பற்றிக்கொண்டால் தீ எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். தீ அடங்கியபின் பனையின் அடிமரம் கரியாய் நிற்கும். குருத்துக் கருகாதிருப்பின் அது பிழைத்துவிடும். அருகே நின்ற மாமரமோ பட்டுப்போகும். காரணம் யாது? மாமரத்தின் உயிர்ப்படை பட்டையை அடுத்து மெல்லிய வளையமாக உள்ளது. அது சுற்றிலும் வெந்துவிட்டால் மரம் மடியும். பனையின் நீர்க்குழாய்களோ தண்டு முழுவதும் பரந்துள்ளன. தீ ஒன்றே, விளைவு வேறு. காடுகளின் நிலையும் இதுவே.

சிங்கராஜக் காடு ஆண்டு முழுவதும் ஈரமாயிருப்பதால் அங்கே தீப் பரவுதல் அரிது. பாலையும் வீரையும் செறிந்த வன்னிக் காடு வறட்சியிலும் இலையை முற்றாக உதிர்ப்பதில்லை. அந்நிழல் தரையின் ஈரத்தைக் காக்கிறது. மரங்களை வெட்டினால் வெயில் புகும், புல் முளைக்கும், புல்லைத் தொடர்ந்து தீ வரும். ஊவாவின் புல்வெளிகளோ ஆடி ஆவணிக் காற்றில் உலர்ந்து எரிகின்றன. புல் வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கும், மரக்கன்று மடியும். ஆண்டுதோறும் எரியும் சரிவிற் காடு திரும்புவதில்லை.

மலைச்சரிவில் ஏறும் தீயே மிகக் கொடியது. சுவாலை மேலுள்ள புல்லை முன்னரே உலர்த்திவிடுவதால், சரிவு 10 பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பர். 2018 மார்ச் 11ஆம் நாள் தமிழகத்தின் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேற்றம் சென்றோர் உலர்ந்த புற்சரிவில் தீயிற் சிக்கினர். 20 பேருக்கு மேல் மாண்டனர். கீழிருந்து தீ வரும்போது மேல்நோக்கி ஓடலாகாது. பக்கவாட்டில் விலகி, பாறைவெளியையோ எரிந்தடங்கிய நிலத்தையோ நாடவேண்டும்.

அப்படியாயின் தீயை அடியோடு விலக்குவதுதான் வழியா? கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர், சருகுக்குச் சிறு தீயிடும் வழக்கமுடையவர். அம்மலை 1974இல் சரணாலயமான பின் அவ்வழக்கம் தடைப்பட்டது. உண்ணிச்செடி இன்று அங்கே மண்டிக் கிடப்பதற்கு அத்தடையே காரணம் என்பது அவர்கள் கூற்று. எனினும் அம்முறையை அப்படியே வன்னிக்குக் கொணர்தல் தவறாகும். நிழலே வன்னிக் காட்டின் காவல். காட்டின் இயல்பை அறிந்த பின்னரே மருந்தைத் தெரியவேண்டும்.

ஒன்று மட்டும் எங்கும் பொது. இலங்கையிற் காட்டுத் தீ பெரும்பாலும் மின்னலால் மூள்வதன்று. வேட்டைக்காகவும், மாட்டுக்கு இளம்புல் வேண்டியும், கவனக்குறைவாலும் மனிதர் மூட்டுவதே. ஆவணி விடுமுறையில் மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர் இதனை மனத்திற் கொள்க. சமைத்த அடுப்பை நீரூற்றி அவித்து, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்த பின்னரே அவ்விடம் விட்டு நீங்குக.