பேரம் முடியும் இடம்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டி பஃபலோ ரோடு என்று ஒரு தெரு. அதற்கு அடுத்தாற்போல் கெர்பாவ் ரோடு என்று இன்னொரு தெரு. முன்னதன் பெயர் ஆங்கிலம், பின்னதன் பெயர் மலாய். இரண்டுக்கும் பொருள் எருமைதான். மாட்டு வியாபாரம் கொழித்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அந்த வியாபாரத்தில் பெரும்புள்ளியாக விளங்கிய பெலிலியோஸ் என்ற யூதரின் பெயரில் பக்கத்திலேயே ஒரு சாலை இருக்கிறது. நம்மவர்கள் ‘தேக்கா’ என்று சொல்லும் சந்தையின் பெயரோ மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல்லின் திரிபு. கெர்பாவ் ரோட்டில் இன்றும் பல வர்ணங்களோடு நிற்கும் பழைய மாளிகை, 1900ஆம் ஆண்டில் டான் டெங் நியா என்ற சீன வணிகர் கட்டியது. நாலு பாஷைக்காரர்கள் கூடி மாடும் மற்றதும் விற்று வாங்கிய இந்தத் தெருக்களில், பேரம் எப்படித்தான் படிந்திருக்கும் என்ற யோசனை, முருங்கைக்காய் வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கு வருவதுண்டு.

நம் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் கையின்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரல்களைப் பற்றியும் அழுத்தியும் விலை பேசுவார்கள். வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. துண்டை எடுக்கும்போது மாடு கைமாறியிருக்கும். இந்த வித்தை பலிப்பதற்குக் காரணம், எந்த விரலுக்கு எத்தனை ரூபாய் என்ற சங்கேதம் இருவருக்கும் பொதுவாக இருப்பதுதான். தேசாந்தர வாணிபத்திலோ துண்டுக்குள் நுழையும் இரண்டு கைகளும் வெவ்வேறு வாய்பாடு படித்த கைகள்.

வெளிநாட்டு வியாபாரத்துக்குப் புறப்படுகிறவர்களுக்குப் புத்திமதி சொல்லும் நூல்கள் ஏராளம். சீனரிடம் விலாச அட்டையை இரண்டு கைகளாலும் கொடு, வாங்கியதைப் படிக்காமல் பைக்குள் திணிக்காதே. மலாய்க்காரரிடம் இடக்கையை நீட்டாதே, விருந்து என்றால் ஹலால் பார். நாலு என்ற எண் சீனர் காதில் சாவைப் போல ஒலிக்கும், எட்டு செல்வத்தைப் போல ஒலிக்கும். ஆகவே நம் மொய்க் கணக்கில் நூற்றொன்று எழுதும் கை, அங்கே எண்பத்தெட்டு எழுதட்டும் என்றெல்லாம் அவை உபதேசிக்கும். எல்லாம் சரிதான், தெரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் போதும். இவை வாசற்படி மரியாதைகள். இவற்றில் தவறினால் எதிரே இருப்பவர் புன்னகை செய்து மன்னித்துவிடுவார். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, எந்தச் சொல் எந்தக் கணத்தில் வாக்குறுதியாக மாறுகிறது, பேரம் எங்கே முடிந்ததாக அர்த்தம் என்ற விஷயத்தில் நேரும் பேதத்தைத்தான் எவரும் எளிதில் மன்னிப்பதில்லை. பல சமயங்களில் அப்படி ஒரு பேதம் நேர்ந்ததே இருவருக்கும் தெரிவதில்லை.

சென்ற ஆண்டு திருப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவரோடு, நகரத்தின் நடுவே ஒரு பழைய கட்டிடத்தின் நாலாவது மாடிக்குத் துணையாகப் போயிருந்தேன். நண்பர் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். எதிரே இருந்தவர் எழுபது வயதைத் தாண்டிய சீனர், ‘தவுக்கே’ என்று அந்த வட்டாரமே மரியாதையாக அழைக்கும் மொத்த வியாபாரி. தேநீர் வந்தது. நண்பர் டஜனுக்கு இன்ன விலை என்றார். பெரியவர் விலைத்தாளைப் பார்த்தார், துணி மாதிரியை விரலால் நெருடினார், ஒன்றும் பேசவில்லை. அரை நிமிஷம் இருக்கும். நம்மவருக்கு மௌனம் என்றால் மனத்தாங்கல். ஆகவே தாமாகவே நூற்றுக்கு நாலு குறைத்தார். பெரியவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். நண்பர் இன்னும் இரண்டு குறைத்தார். அப்போதுதான் கிழவர் தலையை நிமிர்த்தி, “முதலில் விலை சொன்ன துணியும் இப்போது விலை சொல்லும் துணியும் ஒன்றுதானா?” என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். அவர் அதுவரை கப்பல் கட்டணத்தை மனக்கணக்காகக் கூட்டிக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. நண்பர் தாட்சிணியமாக நினைத்துக் கொடுத்த தள்ளுபடி, சரக்கின்மேல் சந்தேகமாகப் போய் முடிந்தது.

அதைக் காட்டிலும் ருசிகரமான சம்பவம் அடுத்து நடந்தது. “இருபதாம் தேதிக்குள் கப்பல் ஏறுமா?” என்றார் பெரியவர். “கேன் சார், கேன்” என்றார் நண்பர், தலையை இரண்டு பக்கமும் ஆட்டியபடி. பெரியவர் நாட்காட்டியில் இருபதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டார். லிஃப்டில் இறங்கும்போது நான் நண்பரிடம், “இருபதுக்குள் முடியுமா?” என்று கேட்டேன்.

“பாக்கலாங்க. சாயப்பட்டறைக்காரன் நேரத்துக்குக் குடுக்கணும், காஜா பட்டன் முடியணும். எப்படியும் மாசக் கடைசிக்குள்ள அனுப்பிரலாங்க.”

இவரைப் பொய்யர் என்று யாரும் சொல்ல முடியாது. ‘ஏற்றிவிடலாம்’ என்று தமிழில் நினைத்தார். அதை ஆங்கிலமாக்கி ‘கேன்’ என்றார். நம் ‘லாம்’ என்ற விகுதி இருக்கிறதே, அது ஒரு மகா சமர்த்தான விகுதி: இயலும் என்பதும் அதற்குள் அடக்கம், அனுமதி என்பதும் அடக்கம், எதிரே இருப்பவர் மனம் நோகாமலிருக்கச் சொல்லும் உபசாரமும் அடக்கம். மளிகைக் கடைக்காரர் சரக்குத் தீர்ந்துபோனால்கூட ‘இல்லை’ என்ற அமங்கலச் சொல்லை உச்சரிக்காமல் ‘வரணும்’ என்பார். ‘பார்க்கலாம்’ என்றால் பெரும்பாலும் நடக்காது என்பதை நம் குழந்தைகளும் அறியும். சிங்கப்பூர்க்காரர்களின் ‘கேன்’ அப்படியன்று. வினைச்சொல்லும் வேண்டாம், எழுவாயும் வேண்டாம், அந்த ஓர் அசையே முழு வாக்கியம். ‘லா’ சேர்த்தால் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். முடியாதென்றால் ‘கேனாட்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லி, ஒரே சொல்லைக் கேட்டு, இரண்டு தேதிகளோடு பிரிந்தார்கள்.

இந்த மாதிரி வித்தியாசங்களுக்குச் சாஸ்திர ரீதியாகப் பெயர் வைத்தவர் எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர். 1976இல் அவர் எழுதிய நூலில், சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிலேயே வைத்துவிடும் சமூகங்கள் என்றும், சொல்லில் கொஞ்சமும் சந்தர்ப்பத்தில் மிச்சமும் வைக்கும் சமூகங்கள் என்றும் விரிவாகப் பேசினார். பிறகு ஹாலந்துக்காரரான ஹாஃப்ஸ்டெட், ஐ.பி.எம். ஸ்தாபனத்தின் ஊழியர்களிடம் பல தேசங்களில் வினாத்தாள் கொடுத்துத் திரட்டிய விடைகளைக் கொண்டு, 1980இல் ஒவ்வொரு தேசத்தின் சுபாவத்துக்கும் மதிப்பெண்ணே போட்டுவிட்டார். நிச்சயமற்ற நிலைக்கு அஞ்சும் குணத்தில் சிங்கப்பூருக்கு அவர் போட்டது 8. அவருடைய ஜாபிதாவிலேயே மிகக் குறைந்த எண் அது. குப்பை போட்டால் அபராதம், ரயிலில் தின்றால் அபராதம் என்று எதற்கும் ஒரு விதி எழுதி வைத்திருக்கும் ஊர், நிச்சயமின்மையைச் சற்றும் பொருட்படுத்தாத ஊராம்! மதிப்பெண்களை நம்பி வியாபாரத்துக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் இந்த ஊர் பிறந்ததே இப்படிப்பட்ட ஒரு பேரத்தில்தான். 1819ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ், சுல்தான் ஹுசேனோடும், தெமெங்கோங் என்னும் தலைமைப் பதவி வகித்த அப்துல் ரஹ்மானோடும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். கம்பெனி தீவில் ஒரு பண்டசாலை வைத்துக்கொள்ளலாம். பிரதியாக சுல்தானுக்கு வருஷத்துக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி, தெமெங்கோங்குக்கு 3,000. மலாய் மன்னர்களின் சம்பிரதாயத்தில், துறைமுகத்துக்கு வருகிறவன் காணிக்கை கொடுப்பதும், அரசன் அவனுக்கு இடம் கொடுத்துக் காப்பதும், இந்தக் கொடுக்கல் வாங்கல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு உறவாக வளர்வதும் நெடுநாள் வழக்கம். உடன்படிக்கைக்குப் பிறகும் கப்பல்காரர்களிடம் சுல்தானும் தெமெங்கோங்கும் காணிக்கை எதிர்பார்த்தது அந்த வழக்கத்தின் தொடர்ச்சியே. கம்பெனியார் இதை உபத்திரவமாகக் கருதி 1823இல் நிறுத்தினார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி கம்பெனி அதிகாரி க்ராஃபர்டு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், சுல்தானுக்கு 33,200 வெள்ளியும் தெமெங்கோங்குக்கு 26,800 வெள்ளியும், மேற்கொண்டு ஆயுள் முழுதும் மாதப்படியும் என்று ஏற்பாடாகி, தீவு என்றென்றைக்கும் கம்பெனிக்குச் சொந்தமாயிற்று. விருந்தாளியாக வந்தவன் ஐந்தரை ஆண்டில் வீட்டுக்காரனானான். பலத்தின் ஏற்றத்தாழ்வு இதில் இல்லாமலில்லை. ஆயினும், ஒரு தரப்பு உறவின் தொடக்கமாகப் பார்த்த காகிதத்தை மறு தரப்பு கிரயத்தின் முதல் தவணையாகப் பார்த்தது என்பதே என் அபிப்பிராயம்.

உறவையும் பத்திரத்தையும் சேர்த்தே பார்க்கும் விஷயத்தில் நம்மவர்களில் கெட்டிக்காரர்கள் நகரத்தார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இருந்த அவர்களுடைய கிட்டங்கிகள் என்ற கடைவீடுகளில், நீண்ட கூடத்தில் வரிசையாகத் தரையில் சிறு மேஜைப் பெட்டிகளைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனி விலாசமாக, சீனருக்கும் மலாய்க்காரருக்கும் நம்மவருக்கும் கடன் கொடுத்தார்கள். பேச்சு சந்தை வழக்கான பசார் மலாயில், கணக்கு தமிழில், பிராமிசரி நோட்டு சர்க்கார் சட்டப்படி. ஆளை எடைபோட்ட பிறகே பத்திரம் எழுதுவார்கள். எழுதிய பிறகும் ஆளின் நடமாட்டத்தின்மேல் கண் வைத்திருப்பார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊரிலிருந்து புது ஏஜெண்டு வந்து பொறுப்பேற்கும்போது, பேரேட்டோடு சேர்த்து, இன்னார் சொன்னால் சொன்னபடி நடப்பவர், இன்னார் சிரித்தால் ஜாக்கிரதை என்ற ஏட்டில் எழுதாத கணக்கும் கைமாறும் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1859இல் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் டேங்க் ரோட்டில் இருக்கிறது. கிட்டங்கிகள் இருந்த இடத்தில் இப்போது உயரமான கட்டிடங்கள்.

ஒரே இரத்தம், ஒரே பாஷை என்றால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்களுக்கு சூஜோ ஒரு பாடம். சீனாவின் சூஜோ நகரத்தில் எழுபது சதுர கிலோமீட்டரில் சிங்கப்பூரைப் போலவே ஒரு தொழில் நகரை நிர்மாணிப்பது என்று, 1994 பிப்ரவரி 26ஆம் தேதி பெய்ஜிங்கில் சிங்கப்பூரின் லீ குவான் யூவும் சீனத் துணைப் பிரதமர் லி லான்சிங்கும் கையெழுத்திட்டார்கள். சிங்கப்பூர்த் தரப்புக்கு நூற்றுக்கு 65 பங்கு. சீனம் பேசும் அதிகாரிகள் போனார்கள். அங்கிருந்து அதிகாரிகள் இங்கே வந்து நிர்வாக முறை பயின்றார்கள். ஆனால் அதே நகரத்தின் மேற்குப் பக்கத்தில் உள்ளூர் நகராட்சிக்குச் சொந்தமாக இன்னொரு தொழிற்பேட்டை முன்பே இருந்தது. தங்கள் பேட்டை நிரம்ப வேண்டும் என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. பெய்ஜிங்கில் மிக உயர்ந்தவர்கள் கையெழுத்திட்டபோதே காரியம் முடிந்ததென்று சிங்கப்பூர் எண்ணியது. சூஜோவின் அதிகாரிகளுக்கோ, உண்மையான பேரம் அன்றைக்குத்தான் ஆரம்பம். மலை உயரம், சக்கரவர்த்தி தூரம் என்று சீனத்திலேயே ஒரு பழமொழி உண்டு. லீ பகிரங்கமாக அதிருப்தி தெரிவித்தும் நிலைமை சீர்ப்படவில்லை. 1999இல் மறுபடி பேசி, 2001 முதல் சிங்கப்பூரின் பங்கை 35 ஆகக் குறைத்துப் பெரும்பங்கைச் சீனத் தரப்பிடமே விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பேட்டை தங்களுடையது என்று உள்ளூர்க்காரர்கள் உணர்ந்த பிறகு அது செழித்தது. இன்று சீனாவின் முதன்மையான தொழில் நகரங்களில் அது ஒன்று.

பட்ட அனுபவத்தையே ஒரு தொழிலாக்கிக் கொள்ளும் சாமர்த்தியம் இந்த ஊருக்கு உண்டு. 1991இல் செயல்படத் தொடங்கிய சர்வதேச நடுவர் மன்றத்துக்கு வரும் வெளிநாட்டுக் கட்சிக்காரர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் இந்தியர்கள். 2014இல் சர்வதேச சமரச மையம் ஒன்றும் ஏற்பட்டு, இரண்டையும் இணைத்து ஒரு நடைமுறை வகுத்தார்கள்: முதலில் நடுவர் முன் வழக்கைத் தொடுப்பது, பிறகு அதை நிறுத்திவைத்து ஒரு சமரசர் முன்னிலையில் மனம்விட்டுப் பேசுவது, இணக்கம் ஏற்பட்டால் அதையே நடுவரின் தீர்ப்பாக எழுதி வாங்கிக்கொள்வது. பத்திரமே பிரமாணம் என்பவனுக்குப் பத்திரம் கிடைக்கிறது. உறவே பிரமாணம் என்பவனுக்கு உறவு கெடாமல் பேச இடம் கிடைக்கிறது. சமரசத்தில் கண்ட முடிவுகளை மற்ற தேசங்களிலும் செல்லுபடியாக்கும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கைக்கும் சிங்கப்பூரின் பெயரே வழங்குகிறது; 2019 ஆகஸ்ட் 7ஆம் தேதி அதில் இந்தியா, சீனா, அமெரிக்கா உட்பட 46 தேசங்கள் இங்கே கையெழுத்திட்டன.

திருப்பூர் நண்பரின் விவகாரம் அவ்வளவு தூரம் போகவில்லை. சரக்கு ஒன்பது நாள் பிந்திக் கப்பலேறியது. பெரியவர் கடிந்து ஒரு வார்த்தை எழுதவில்லை. பணத்தைச் சொன்ன தேதியில் அனுப்பிவிட்டார். “ஒண்ணுமே சொல்லலீங்க, தங்கமான மனுசன்” என்று நண்பர் தொலைபேசியில் பூரித்துப் போனார். இரண்டாவது ஆர்டர் இதுவரை வரவில்லை.