கற்பித்தலும் ஓர் ஆய்வே



ஒரு காலத்தில் மே மாதம் வந்தால் நாமக்கல் மாவட்டத்தின் பெயர் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும். பிளஸ் டூ தேர்வில் இங்குள்ள விடுதிப் பள்ளிகள் மாநில இடங்களை அள்ளிச் செல்லும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் மனப்பாடம் செய்யவைத்த பள்ளிகளும் உண்டு. 2017-இல் தமிழக அரசு தரவரிசை அறிவிப்பை நிறுத்தியது. மனப்பாடப் பழக்கம் மட்டும் போகவில்லை.

இப்படி வந்தவர்களும், தறிக் குடும்பங்களிலிருந்தும் லாரிப் பட்டறைகளிலிருந்தும் முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்களும் நம் பகுதிக் கல்லூரிகளில் ஒன்றாக அமர்கிறார்கள். பாதியில் நின்றுவிடும் மாணவனைப் பற்றி, 'அவனுக்குப் படிப்பு ஏறவில்லை' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாம் சொல்லிக்கொடுத்த விதம் சரியா என்று ஆராய்கிறோமா?

பல்கலைக்கழக மானியக் குழு 1987 முதல் கல்லூரி ஆசிரியர்களுக்கெனப் பயிற்சி மையங்களைத் தொடங்கியது. நம் ஆசிரியர்கள் கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று புத்தொளிப் பயிற்சி பெற்று வந்தார்கள். நல்லதே. ஆனால் பயிற்சி வேறு, ஆய்வு வேறு. ஒரு கணித ஆசிரியை, வகுப்பு முடிவில் புரியாததை ஒரு துண்டுத்தாளில் எழுதச் சொல்லி, அதைக் கொண்டு அடுத்த வகுப்பை மாற்றி, விளைவைக் குறித்துவைத்து, சக ஆசிரியர்கள் முன் வைத்தால் அதுவும் ஆய்வுதான். அதற்குப் பெரிய செலவில்லை. சிறு நிதியும், கொஞ்சம் நேரமும், பதவி உயர்வில் உரிய மதிப்பும் வேண்டும். சேலத்தில் 1997 முதல் இயங்கும் பெரியார் பல்கலைக்கழகம் இதற்கு முன்வரலாமே!

அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர், கற்பித்தலும் புலமைப் பணியே என்று 1990-இல் வாதிட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான தம் ஏட்டில், உண்மையைத் தேடிக் கண்டடைவதோடு அதைப் பிறருக்குப் பகிர்வதிலும் உள்ள மகிழ்ச்சியைப் பற்றி எழுதினார்.

திருச்சபைக்கு இது புதிதல்ல. ஏறக்குறைய கி.பி. 400-இல், கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் தேயோகிராசியாஸ், தம் மறைக்கல்வி தமக்கே சலிப்பூட்டுகிறது என்று புனித அகுஸ்தீனாரிடம் முறையிட்டார். புனிதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு நூலே எழுதி அனுப்பினார். கேட்பவர் ஏன் கொட்டாவி விடுகிறார் என்றுகூட அதில் ஆராய்கிறார். நின்று களைத்தவருக்கு, உட்கார ஓர் இருக்கை கொடுங்கள் என்கிறார்.