மிலிட்டரி ஜாக்கெட் வாங்கப் போறீங்களா? லேபிளை விடுங்க, இன்ச் டேப்பை எடுங்க!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காலை ஷிஃப்ட்டுக்கு பைக்ல போறவங்க பலருக்கும் பழைய ராணுவ மாடல் ஜாக்கெட் மேல ஒரு கண்ணு இருக்கும். ஆசைப்படுறது தப்பில்லை. ஆனா கைக்கு 18,000 ரூபாய் வாங்குறவருக்கு 6,000 ரூபாய் ஜாக்கெட்னா, சம்பளத்துல மூணுல ஒரு பங்கு. அதை 60 தடவை போட்டா, ஒரு தடவைக்கு 100 ரூபாய். சைஸ் சரியில்லாம மூணே தடவையில பீரோவுக்குள்ள போயிட்டா, ஒரு தடவைக்கு 2,000 ரூபாய்! வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா சுங்க வரி வேற. திருப்பி அனுப்புற செலவும் பெரும்பாலும் நம்ம தலையிலதான்.

லேபிள் என்ன சொல்லுது?

எம்-65 ஜாக்கெட்டை அமெரிக்க ராணுவம் 1965-ல் கொண்டு வந்தது. அதோட ஒரிஜினல் சைஸ்ல ரெண்டு விஷயம் இருக்கும்: மார்பு, உயரம். 'மீடியம்' என்றால் 37–41 இன்ச் மார்பு. 'ரெகுலர்' என்றால் 5 அடி 7 முதல் 5 அடி 11 வரை உயரம். இது போடுற ஆளோட உடம்பு அளவு, ஜாக்கெட்டோட அளவு கிடையாது. உள்ளே ஸ்வெட்டரும் குளிருக்கான லைனரும் போகணும்னு தாராளமா தைச்சிருப்பாங்க. நமக்கு உள்ளே ஒரு டி-ஷர்ட் போதும். 5 அடி 5 இன்ச் உயரம், 37 இன்ச் மார்பு இருக்கிறவர் 'மீடியம் ரெகுலர்' எடுத்தா தோள் தொங்கும், கை விரலை மூடும். அவர் முதல்ல பார்க்க வேண்டியது 'ஸ்மால் ஷார்ட்'.

1931-ல் வந்த ஏ-2 விமானி ஜாக்கெட் இதுக்கு நேர் எதிர். அது சட்டை மேல ஒட்டினாப்ல போடுற தோல் ஜாக்கெட். இடுப்பு பெல்ட் கிட்டயே முடிஞ்சிடும். 'குட்டையா இருக்கே'னு ஒரு சைஸ் கூட்டி வாங்கினா, நீளம் பெருசா கூடாது, தோள்தான் அகலமாகும்.

இன்கமிங் இன்ஸ்பெக்ஷன் மாதிரி செய்யுங்க

பெட்டி மேல எழுதியிருக்குன்னு எந்த பார்ட்டையும் அளக்காம லைனுக்கு விடுவோமா? அதே பழக்கம் இங்கேயும் வேணும்.

1. உங்ககிட்ட ஏற்கெனவே சரியா பொருந்துற ஜாக்கெட்டை ஜிப் போட்டு தரையில விரிங்க.
2. ஒரு அக்குள்ல இருந்து இன்னொரு அக்குள் வரை அளந்து, ரெண்டால பெருக்குங்க. 22 இன்ச் வந்தா, சுற்றளவு 44.
3. தோள் தையலுக்குத் தையல், கை நீளம், காலருக்குக் கீழே முதுகு நீளம் குறிச்சுக்கங்க.
4. வாங்கப்போற ஜாக்கெட்டோட இதே நாலு அளவையும் விக்கிறவர்கிட்ட கேளுங்க. ஸ்மால், மீடியம்னு பதில் சொன்னா போதாது. இன்ச் கணக்கு வேணும்.
5. பைக் ஓட்டுறவங்க கை நீளத்தைக் கூடுதலா கவனிங்க. கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடிச்சா மணிக்கட்டு வெளியே தெரியும்.

சந்தேகம் வந்தா தோள் அளவுக்கு முதலிடம் கொடுங்க. கை நீளத்தை டெய்லர் குறைச்சிடுவார். தோளைக் குறைக்கணும்னா கையையே பிரிச்சுத் தைக்கணும். தோல் ஜாக்கெட்ல அது பெரிய செலவு. பருத்தித் துணின்னா, துவைச்சா சுருங்குமான்னும் கேட்டுக்கங்க.

நாலு அளவும் கைக்கு வர்ற வரைக்கும் பணம் உங்க அக்கவுண்ட்லயே இருக்கட்டும். அளவு சொல்ல மறுக்கிற கடையில ஆஃபர் எவ்வளவு பெருசா இருந்தாலும் வேண்டாம்.