உயிர் இரையா, போலி இரையா?

"சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடி" என்பது நாம் அடிக்கடி கேட்கும் பழமொழி. ஆனால் எந்தச் சின்ன மீனைப் போடுவது, போட்டது போக மிஞ்சியதை என்ன செய்வது என்று பழமொழி சொல்வதில்லை. இக்கேள்விகளுக்கு விடை தேடி வட அமெரிக்காவின் ஏரிக்கரைகளுக்கு மனத்தால் ஒரு பயணம் போய் வருவோமா, தோழியரே?

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே உள்ள பேரேரிகளிலும், ஓஹையோ முதலிய ஆறுகளிலும் வாழ்வது 'ஸ்மால்மவுத் பாஸ்' என்னும் சிறுவாய் மீன். வெண்கல நிறமுடைய இம்மீன், பாறை நிறைந்த தெளிந்த நீரை விரும்பும். தூண்டிலில் சிக்கினால் நீருக்கு மேலே துள்ளிப் போராடும். 1955ஆம் ஆண்டு டேல் ஹாலோ ஏரியில் பிடிபட்ட 11 பவுண்டு 15 அவுன்ஸ் எடையுள்ள மீனே இவ்வினத்தில் உலகச் சாதனை.

இதற்கு மிகவும் பிடித்த உணவு கிரேஃபிஷ். இறாலைப் போன்ற உடலும் நண்டைப் போன்ற இடுக்கிகளும் கொண்ட நன்னீர் உயிர் அது. கிரேஃபிஷ், சிறு மீன், அட்டை, மண்புழு ஆகியவற்றை உயிருடன் தூண்டிலில் கோப்பதே உயிர் இரை. அதன் மணமும் அசைவும் உண்மையானவை. குளிர்ந்த நீரில் மீன் சோம்பிக் கிடக்கும், இரையைத் துரத்தாது. அப்போது அதன் அருகே மெல்ல அசையும் உயிர் இரையே பலன் தரும். ஆனால் மீன் அதை உண்மை உணவென்றே எண்ணி விழுங்கிவிடுவதால், முள் தொண்டைக்குள் இறங்கிவிடுவதுண்டு. அவ்வாறானால் முள்ளைப் பிடுங்காமல் நூலை வெட்டி விடுவதே மீன் பிழைக்க வழி.

உலோகம், மரம், ரப்பர் போன்ற பிளாஸ்டிக் ஆகியவற்றால் செய்தது போலி இரை. நீர் வெதுவெதுப்பாகி மீன் சுறுசுறுப்பாகத் திரியும்போது, பரந்த நீர்ப்பரப்பில் விரைவாக வீசி இழுக்க இதுவே ஏற்றது. தெளிந்த நீரில் பழுப்பும் பச்சையும், கலங்கிய நீரில் பளிச்சிடும் நிறமும் எடுபடும். கிரேஃபிஷ் ஆபத்து வந்தால் பின்னோக்கிப் பாயும். எனவே பழுப்பு நிறப் போலி இரையைப் பாறையடியில் வெடுக்கென்று இழுத்து நிறுத்தினால் மீன் ஏமாறும். முள்ளும் பெரும்பாலும் உதட்டிலேயே மாட்டும். ஆனால் இதில் ஈயக் குண்டு இருந்தால் தீங்குண்டு. அறுந்து விழுந்த ஈயத்தை விழுங்கி 'லூன்' என்னும் நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறக்கின்றன. ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் பயன்படுத்தலாம்.

வசந்த காலத்தில் எந்த இரையும் வேண்டாம் என்பதே நல்லது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸை எட்டியதும், ஆண் மீன் வாலால் சரளைக்கல்லைத் துடைத்துக் கூடு அமைக்கும். பெண் மீன் முட்டையிட்டுப் போய்விடும். காவல் காப்பது தந்தையே! அப்போது அது இரையைக் கடிப்பது பெரும்பாலும் பசியால் அன்று, பகைவனை விரட்டவே. அதைச் சிறிது நேரம் அகற்றினாலும் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். நம் உளுவையின் உறவான 'ரவுண்ட் கோபி' அவற்றுள் ஒன்று. கப்பல்களில் நிரப்பிய நீரோடு அயல்நாட்டிலிருந்து வந்த அது, 1990இல் அங்கு முதன்முதலாகக் காணப்பட்டது.

இனி, மிஞ்சிய இரையைப் பார்ப்போம். மாலையில் வீடு திரும்பும்போது, "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று வாளியை ஏரியில் கவிழ்ப்பவர் உண்டு. இரக்கச் செயல்தானே என்று நமக்கும் தோன்றும். ஆனால் ஓஹையோ ஆற்றுப் பகுதிக்கு உரிய துருநிறக் கிரேஃபிஷ், பெரும்பாலும் இவ்வாறே விஸ்கான்சின், மினசோட்டா ஏரிகளுக்குப் பரவியது எனக் கருதப்படுகிறது. அங்கே அது நீர்ச்செடிகளை வெட்டிச் சாய்த்தது; உள்ளூர்க் கிரேஃபிஷை விரட்டியது; மீன் முட்டைகளையும் தின்கிறது. மீன் பிடிக்கக் கொண்டுவந்த இரையே மீனுக்குப் பகையாயிற்று!

மண்புழுவின் கதை இன்னும் வியப்பானது. உழவனின் நண்பன் என்று நாம் படித்த அதே மண்புழு, அந்நாட்டு வடபகுதிக் காடுகளுக்கு அயலான். பனியுகத்துக்குப் பின் அங்கே மண்புழு இருந்ததில்லை. வெளியிலிருந்து வந்த புழுக்கள், இளஞ்செடிகளுக்குப் போர்வையான சருகுப் படலத்தைத் தின்று தீர்க்கின்றன.

ஆகவே எந்த இரை சிறந்தது? குளிர்நீரில் உயிர் இரை, வெதுவெதுப்பான நீரில் போலி இரை எனலாம். உயிர் இரையை அந்தந்த நீர்நிலையிலேயே, சட்டம் அனுமதித்தால் மட்டும், பிடித்துக்கொள்ள வேண்டும். மிஞ்சிய புழுவைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். அறுந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கி வர வேண்டும். என்ன பிடித்தோம் என்பதோடு, எதை விட்டுவந்தோம் என்பதையும் எண்ணிப் பார்ப்பவரே நல்ல தூண்டிற்காரர்.