டேங்க் பெருசு, ஆனா மேல் மாடி ஷவர் மட்டும் சொட்டுதா? காரணம் இதுதான்... நீங்களே கணக்கு போடலாம்!

"கீழ் வீட்டுல தண்ணி பிச்சுக்கிட்டு வருது, எங்க வீட்டுல ஷவர் சொட்டுது." மயிலாப்பூர், தி.நகர், அடையாறு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மேல் மாடிக்காரர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. உடனே யாராவது ஒருவர், "டேங்கை பெருசா மாத்துங்க" என்பார். காசை செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

எது முக்கியம்?

தேங்கி நிற்கும் தண்ணீர் தரும் அழுத்தத்தை முடிவு செய்வது உயரம் மட்டும்தான். அதாவது, டேங்கில் உள்ள நீர்மட்டத்துக்கும் உங்கள் குழாய்க்கும் இடையிலான செங்குத்து உயரம். 500 லிட்டரோ 2,000 லிட்டரோ, உயரம் ஒன்றானால் அழுத்தமும் ஒன்றுதான். டேங்க் அகலமானால் தண்ணி அதிக நேரம் வரும், வேகமா வராது.

கணக்கு போடுவது எப்படி?

ஒரு அடி உயரத்துக்கு 0.43 பி.எஸ்.ஐ. அழுத்தம். டயருக்கு காத்து அடிக்கும்போது சொல்வோமே, அதே அளவுதான்.

தரைத்தளமும் 3 மாடிகளும் உள்ள கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தளமும் 10 அடி. ஷவர் 7 அடி உயரத்தில் இருக்கிறது. மொட்டை மாடியில் 3 அடி மேடை, அதன் மேல் உள்ள டேங்கில் 3 அடி தண்ணீர்.

* 3வது மாடி ஷவர்: 3 + 3 + 3 = 9 அடி. 9 × 0.43 = சுமார் 3.9 பி.எஸ்.ஐ.
* தரைத்தள ஷவர்: கூடுதலாக 30 அடி, மொத்தம் 39 அடி. 39 × 0.43 = சுமார் 16.8 பி.எஸ்.ஐ.

ஒரே டேங்க், ஒரே தண்ணி. ஆனால் அழுத்தத்தில் 4 மடங்குக்கு மேல் வித்தியாசம்!

அப்போ என்ன செய்யலாம்?

இது குழாய் மூடியிருக்கும்போது உள்ள அழுத்தம். திறந்தால், பைப்பின் உரசலால் இன்னும் குறையும். ஒரு குழாயில் மட்டும் தண்ணி மெதுவாக வந்தால், அதன் வலையில் உப்பு படிந்திருக்கலாம், கழற்றிக் கழுவுங்கள். வீடு முழுக்க அப்படி என்றால், டேங்க் மேடையை உயர்த்தலாம். 3 அடிக்கு 1.3 பி.எஸ்.ஐ.தான் கூடும். அது போதாவிட்டால், டேங்கிலிருந்து வரும் பைப்பில் பிரஷர் பம்ப் வைக்கலாம். டேங்கின் எடையைத் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமல் மேடையை உயர்த்த வேண்டாம்.

சென்னை வீடுகளில் சம்ப் ஏன்?

இதே கட்டடத்தில் டேங்கின் நீர்மட்டம் தரையிலிருந்து 46 அடி. மெட்ரோ வாட்டர் நேராக அங்கே ஏற, தெருக் குழாயிலேயே சுமார் 20 பி.எஸ்.ஐ. வேண்டும். அந்த அளவு வராததால்தான் தண்ணீர் முதலில் தரைக்குக் கீழே உள்ள சம்ப்பில் இறங்குகிறது. பிறகு மோட்டார் மேலே ஏற்றுகிறது.

இதை மட்டும் செய்யாதீங்க

தெருக் குழாயிலேயே நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவது சட்டவிரோதம், ஆபத்தும்கூட. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை, விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். மோட்டார் உறிஞ்சினால் அழுத்தம் கீழே போய், பக்கத்தில் தேங்கியிருக்கும் கழிவுநீர் அதே விரிசல் வழியாக உள்ளே வரலாம். அது உங்கள் சம்ப்புக்கும் வரும், பக்கத்து வீட்டுக் குழந்தை குடிக்கும் டம்ளருக்கும் போகும்.