கார் ஏசி கேஸ் ‘தீர்ந்து’ போகுமா? நிரப்பும் முன் இதைக் கேளுங்க!

போன கோடையில்தான் கேஸ் நிரப்பினீங்க. இந்தக் கோடையிலும் ஏசியில் வெறும் காத்துதான் வருதா? ‘கேஸ் தீர்ந்துடுச்சு சார்’ என்று மெக்கானிக் சொன்னால், உடனே தலையாட்ட வேண்டாம்.

பெட்ரோல் போல ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியே பல ஆண்டுகளில் கொஞ்சம் குறைவது இயல்பு. வருஷா வருஷம் குறைந்தால், எங்கோ லீக் இருக்கிறது.

எங்கே தேடுவது?
கல் தெறிக்கும் முன்பக்கக் கண்டன்சர், குழாய் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங், கம்ப்ரசர் சீல். கேஸோடு ஆயிலும் கசியும் என்பதால், பிசுபிசுப்பாகத் தூசி ஒட்டிய இடம்தான் முதல் துப்பு.

எப்படி உறுதி செய்வது?
நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் லீக் உள்ள இடத்தில் குமிழி வரும். சின்ன லீக் என்றால் யுவி டை செலுத்தி, சில நாள் ஓட்டிய பிறகு யுவி லைட் அடித்தால் அந்த இடம் ஒளிரும். டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் எவாப்பரேட்டருக்கு எலக்ட்ரானிக் டிடெக்டர்.

லீக்கை அடைக்காமல் நிரப்பினால்?
காசு மட்டும் வீணில்லை. ஆயில் குறைந்து கம்ப்ரசரே ஜாம் ஆகலாம். பல கார்களில் உள்ள ஆர்-134ஏ கேஸ், பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமானது.

அதனால் அடுத்த முறை, ‘லீக் எங்கேன்னு காட்டுங்க, அப்புறம் கேஸ் போடலாம்’ என்று கேளுங்க.