கடனோடு வந்த உரம்

வெளிநாட்டு உதவிக்கு நிபந்தனை போடலாமா? வங்கியில் இருந்த ஆள் நான், நிபந்தனையே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். பணம் போய்ச் சேர்ந்ததா என்று கணக்குக் கேட்பது நியாயம். வாங்குறவன் வயலில் என்ன போடணும்னு சொல்றது வேற.

1965, 66 இரண்டு வருஷமும் கடும் வறட்சி. பி.எல். 480 திட்டத்தில் வந்த அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தோம். நாம் வியட்நாம் போரை விமர்சித்த கோபம் வேறு அதிபர் ஜான்சனுக்கு. மாதக் கணக்கில் அளந்து அளந்துதான் கப்பலை விட்டார். 1965 நவம்பரில் ரோம் நகரில், நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃப்ரீமனோடு உடன்பாட்டுக்கு வந்தார். விவசாயத்துக்குக் கூடுதல் முதலீடு, கூடுதல் ரசாயன உரம் என்பதெல்லாம் அதில் உண்டு. சி.எஸ். தாமே விரும்பிய பாதைதான் அது, மறுக்கவில்லை. ஆனா பசியை வைத்து அதை எழுதி வாங்கினார்கள். மறு வருஷம் ஜூனில் டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது.

பிறகு பயிர்க்கடனிலும் ஒரு பங்கு பணம், ஒரு பங்கு உரம் என்று வந்தது. தொழுவுரம் போடுறவருக்கும் யூரியா மூட்டைதான்!

இப்போது நாமும் ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கடன் கொடுக்கிறோம். எக்ஸிம் வங்கி வழியாகப் போகும் அந்தக் கடனில் பொதுவாக 75 சதவீதத்துக்கு இந்தியச் சரக்கையே வாங்கணும்.